பிரபுவின் ஜன்னலுக்குக் கீழே

ஹாலந்தில் அகழி சூழ்ந்த ஒரு கோட்டை. அங்கிருந்த காய்கறித் தோட்டத்தை நம்பித்தான் வேலைக்காரர்கள் குளிர்காலத்தைக் கழித்தார்கள். புதிதாகப் பொறுப்புக்கு வந்த பிரபு லோடெவெய்க், தோட்டக்காரி ஹில்லெயை அழைத்தார்.

"மற்ற கோட்டைகளில் பூந்தோட்டம், என் ஜன்னலுக்குக் கீழே முட்டைக்கோஸா? இனி பூ மட்டுமே தெரியவேண்டும். இல்லையென்றால் எல்லோருக்கும் வேலை போய்விடும்!"

"அப்படியே செய்கிறேன், பிரபு."

கோடையில் பந்தல் பந்தலாகச் சிவப்புப் பூக்கள். விருந்தாளிகள் வியந்தார்கள். பிரபு பூரித்துப்போனார்.

பூக்கள் உதிர்ந்ததும், ஹில்லெ அதே பந்தல்களிலிருந்து கூடை நிறைய அவரைக்காய் பறித்தாள். அதைக் கண்ட பிரபு கத்தினார்.

"ஏமாற்றிவிட்டாயே!"

"இல்லை, பிரபு. பூவை நீங்கள் ரசித்தீர்கள். பூ போனபின் வருவதை நாங்கள் சாப்பிடுகிறோம்."

பிரபு கூடையிலிருந்து ஒரு காயை எடுத்துப் பார்த்தார். பிறகு, "எனக்கும் கொஞ்சம் சமைக்கச் சொல்," என்றார்.