சோறு போன இடம்

“சாமி, என் மகனைப் புழு தின்னுது.”

விடிந்தும் விடியாததுமாக வந்து நின்று இப்படிச் சொன்னார் சங்கிலியாண்டி.

மகன் முத்திருள் மஞ்சள் காமாலையில் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கல்யாணமாகாத பிள்ளை இறந்தால் சொந்த நிலத்தில் புதைத்து, தலைமாட்டில் எலுமிச்சங்கன்று வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்தக் கன்றைத்தான் மகன் என்கிறார்.

கரட்டுக் குன்றின் அடியில் குடிசை போட்டிருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சங்கிலியாண்டிக்கு அறுபது தாண்டிவிட்டது. மகனைப் புதைத்த மறுவாரத்திலிருந்து தினமும் வந்து வாசல் கூட்டுவார், சற்று நேரம் எதிரே உட்காருவார், போய்விடுவார். சிஷ்யனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்டதும் இல்லை, சேர்த்துக்கொண்டேன் என்று சாமி சொன்னதும் இல்லை.

“புழுவைக் கொல்லலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“போய்ப் பாப்போம், வாங்க பெரியவரே.”

நிலத்துக்கு இறங்கினார்கள். கன்று ஒரு பழைய வேட்டிக்குள் இருந்தது.

“இதென்ன கோலம்?”

“குருவி உக்காரக் கூடாது, பூச்சி அண்டக் கூடாது, ஆடு வாய் வைக்கக் கூடாது. அதான் ரெண்டு மடிப்பாச் சுத்திவிட்டேன்.”

சாமி முடிச்சை அவிழ்த்தார். இலைகள் வெளுத்துத் தொங்கின. பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக நாலைந்து குட்டிப் புழுக்கள் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தன.

“முட்டையோட சேத்துக் கட்டியிருக்கீங்க. குருவி வந்திருந்தா எப்பவோ கொத்திட்டுப் போயிருக்கும். திருடனை உள்ளே விட்டுப் பூட்டிட்டீங்களே, பெரியவரே.”

சங்கிலியாண்டிக்குச் சுருக்கென்றது.

“சரி, கன்னு எதைச் சாப்பிடுது?”

“வேற எதை? என் மகனைத்தான்.”

சாமி தலையை உயர்த்திக் கிழக்கே பார்த்தார். கரட்டுக்கு மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“மண்ணுல இருக்கிறது தொட்டுக்கத்தான். சோறு அங்கேயிருந்து வருது. அதைப் பரிமாற விடாம நீங்க மூடி வச்சிருக்கீங்க.”

“திறந்து போட்டா எல்லாம் வந்து தின்னுருமே சாமி! அவன்ல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்.”

சாமிக்குப் பாவமாக இருந்தது. வாதம் பண்ணவில்லை. ஒரு புழுவை மட்டும் இலையோடு கிள்ளி அவர் கையில் வைத்தார்.

“மத்ததைக் குருவி பாத்துக்கும். இந்த ஒண்ணை நீங்க வளங்க. என் குடிசைக்குப் பின்னாடி பெரிய எலுமிச்சை நிக்குது, அதுல தழை ஒடிச்சுப் போடுங்க. இது வளர்ற வரைக்கும் கன்னு திறந்து கிடக்கட்டும். அப்புறம் உங்க இஷ்டம். மறுபடியும் கட்டிக்கங்க.”

கொல்லலாமா என்று கேட்க வந்த மனிதர் வளர்ப்பதற்கு ஒரு புழுவோடு திரும்பினார்.

சாமியின் குடிசை வாசலில், ஓலையில் முடைந்த ஒரு சின்னக் கொட்டானில் அதை விட்டார். முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தழை போட்டார். பிறகு வாடிய தழையை எடுத்துப் புதுத் தழை போட்டார். எறும்பு ஏறாமல் கொட்டானைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினார். “இன்னிக்கு ஏன்டா சுணங்கிக் கிடக்கே?” என்று அவர் கொட்டானுக்குள் குனிந்து கேட்டது சாமியின் காதில் விழுந்தது. சாமி விழாததுபோல் இருந்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் கொட்டானைச் சாமியிடம் தூக்கிக்கொண்டு வந்தார். புழு பச்சைப் பசேலென்று சுண்டுவிரல் பருமனுக்கு வளர்ந்திருந்தது. தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டியது.

“பாருங்க சாமி, என்னமா வளந்துட்டான்!”

“எவ்வளவு தழை தின்னிருப்பான்?”

“ஒரு கிளையே மொட்டை.”

“அந்தத் தழையை ஒரு தட்டுல வைங்க. இவனை இன்னொரு தட்டுல வைங்க. தராசு சரியா நிக்குமா?”

“எங்கே நிக்கும்? அதுக்கு முன்னாடி இவன் பொடிப்பயல்.”

“அப்ப மீதித் தழை எங்கே?”

சங்கிலியாண்டி கொட்டானைச் சாய்த்துக் காட்டினார். “இந்தா, புழுக்கை கிடக்கே.”

“அதையும் சேத்து வைங்க.”

“அப்பவும் காணாது.” கொஞ்சம் யோசித்தார். “அவன் சும்மாவா கிடந்தான் சாமி? ராப்பகலா மென்னான், ஊர்ந்தான், சட்டை சட்டையா உரிச்சான். அதுக்கெல்லாம் தெம்பு வேணுமில்ல?”

பேச்சு சுவாரசியத்தில் கொட்டானை இருவருமே மறந்துபோனார்கள். புழு விளிம்பில் ஏறி வெயில் காய்ந்தது. எங்கிருந்தோ ஒரு கொண்டைக்குருவி வந்தது, கொத்தியது, போய்விட்டது.

“ஐயோ! என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போகுதே!”

சங்கிலியாண்டி பின்னாலேயே ஓடினார். செம்பருத்திக்குள் கூடு இருந்தது. சிவந்த வாய்களைப் பிளந்துகொண்டு மூன்று குஞ்சுகள் கத்தின. தாய் புழுவைக் கிளையில் தட்டித் தட்டி ஒரு வாயில் திணித்தது. மற்ற இரண்டும் கத்துவதை நிறுத்தவில்லை. தாய் அடுத்த இரைக்குப் பறந்துவிட்டது.

திரும்பி வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

“புழு போச்சு. நம்ம பேச்சும் முடிஞ்சுது. நான் போய்க் கன்னைக் கட்டறேன்.”

துவைத்துக் கொடியில் போட்டிருந்த அந்த வேட்டியை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். சாமி தடுக்கவில்லை. நாலடி போனவர் தாமாகவே நின்று திரும்பினார்.

“பெத்துப் போட்டுட்டு அவன் ஆத்தா போயிட்டா. நானே பொங்கி நானே ஊட்டி வளத்தேன். பானை பானையாச் சோறு சாமி! அத்தனையும் எங்கே போச்சு? இந்த ஒரு எலுமிச்சங்கன்னோட முடிஞ்சு போச்சா?”

சாமி மெல்லக் கேட்டார்.

“பையன் நல்ல உடம்பா?”

“எங்கே! விலா எலும்பை எண்ணிடலாம்.”

“அத்தனை சோத்துக்குமா?”

“அதான் சாமி எனக்கும் ஆத்திரமா வரும். ‘தின்ன சோறெல்லாம் எங்கடா போகுது’ன்னு கரண்டியும் கையுமா நின்னு கத்துவேன்.”

“என்ன சொல்லுவான்?”

“பதில் சொல்ல அவன் எங்கே நின்னான்? சிரிச்சுக்கிட்டே தெருவுல இறங்கி ஓடிருவான். ஓட்டம்னா உங்க வீட்டு ஓட்டம் எங்க வீட்டு ஓட்டம் இல்லை சாமி, ஊர்ல ஒருத்தன் பிடிக்க முடியாது, அப்படி…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

சாமியைப் பார்த்தார். “அந்த ஓட்டத்துலதான் போயிருக்கு சாமி, அத்தனை சோறும்.” தோளில் கிடந்த வேட்டியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.