தீனித் தட்டில் உட்கார்ந்த முயல்

குளத்தங்கரையில் ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம். அதன் நிழலில் மரச்சட்டம் போட்டுக் கம்பி வலை அடித்த ஒரு கூண்டு. அந்தக் கூண்டில் கருங்காதன் என்ற வயதான முயல், தன் மகள் தும்பையோடும் இரண்டு பேரக்குட்டிகளோடும் வாழ்ந்து வந்தது.

கருங்காதனுக்கு உடம்பெல்லாம் வெள்ளை, காது மட்டும் கறுப்பு. வயிறு சரியில்லை என்று அது ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. அதில் அதற்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பேரக்குட்டிகளில் பெரியது மிளகு. தாத்தா எங்கே போனாலும் பின்னாலேயே குதித்துப் போகும். சின்னது பொரி. பயந்த சுபாவம். அம்மாவின் வயிற்றுக்கடியிலேயே பதுங்கிக் கிடக்கும். இரண்டும் பால் மறந்து புல் தின்னப் பழகிக்கொண்டிருந்தன.

தினமும் காலையில் வீட்டுக்கார லூர்து அம்மா அகலமான மண் தட்டு நிறைய அறுகம்புல்லும் முருங்கைத் தழையும் கொண்டுவந்து வைப்பாள். குனிந்து எல்லோரையும் ஒரு முறை பார்ப்பாள். பிறகு போய்விடுவாள்.

அவள் போனதுதான் தாமதம், கருங்காதன் ஒரே தாவலில் தட்டின் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். குட்டிகள் தட்டைச் சுற்றி நிற்கும். கருங்காதன் நல்ல தளிராகப் பொறுக்கி, தன் வாயாலேயே எடுத்து அவற்றுக்கு ஊட்டும்.

“இந்தத் தளிர் மிளகுக்கு! இந்தத் தண்டு பொரிக்கு! அடிச்சுக்காதீங்கடா! தாத்தா இருக்கிறவரைக்கும் யாருக்கும் பங்கு குறையாது!”

குட்டிகள் மென்று தின்னும் சத்தம்தான் கருங்காதனுக்கு மிகப் பிடித்த சத்தம். அதற்காகவே தட்டை விட்டு இறங்காது. பகலெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அங்கேயே தூங்கும். அங்கேயே புழுக்கையும் போடும்.

மழைக்காலம் வந்தது. புல் ஈரமாக வந்தது. கூண்டின் தரை காயவே இல்லை. தட்டில் கிடந்த புழுக்கை நசுங்கித் தழையோடு ஒட்டிக்கொண்டது.

முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த வரிக்கழுத்து என்ற கோழி கூண்டுக்குள் எட்டிப் பார்த்தது. தலையைச் சாய்த்து இன்னொரு கண்ணாலும் பார்த்தது.

“ஏங்க பெரியவரே! அது சாப்பாட்டுத் தட்டா, கக்கூஸா?” என்று கேட்டது.

மிளகு களுக்கென்று சிரித்துவிட்டது. கருங்காதனுக்கு மூக்கு சிவந்தது.

“நாள் முழுக்கக் குப்பையைக் கிளறுற உன்கிட்டதான் நான் சுத்தம் படிக்கணுமா?”

“கிளறுறேன், இல்லேங்கல. ஆனா என் கதையைக் கேளுங்க. போன மழையில என் குஞ்சுங்களுக்கு ரத்தக் கழிச்சல் வந்துச்சு. ஈரத் தரையில எச்சத்து மேல கிடந்த தீனியைத் தின்னுச்சுங்க. ஒண்ணுகூட மிஞ்சல. நானும் அதையேதான் தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. அதனாலதான் சொல்றேன், தட்டை விட்டு இறங்கி உக்காருங்க.”

“கோழிக் கதை முயலுக்கு எதுக்கு? நானும் சின்ன வயசுல இருந்து இப்படித்தான் தின்னேன். எனக்கு என்ன ஆச்சு? இந்த வயித்தைப் பாரு! கல்லைப் போட்டாலும் கரைச்சிடும்!”

“வயிறு நல்லாத்தான் இருக்கு. வாய் அதைவிட நல்லா இருக்கு!” என்று சொல்லிவிட்டுக் கோழி போய்விட்டது.

தும்பை மெதுவாக அருகில் வந்தது.

“அப்பா, அது சொல்றதுல என்ன தப்பு? கொஞ்சம் தள்ளித்தான் உக்காருங்களேன்.”

“நான் ஊட்டுறது உனக்குப் பிடிக்கலையாம்மா?”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லலப்பா.”

“வேற எப்படிச் சொன்னே? சரி, நாளையில இருந்து நான் ஒரு மூலையில கிடக்கிறேன். நீயே பங்கு போடு!”

தும்பை குட்டிகளிடம் திரும்பிப் போனது. மறுநாளும் கருங்காதன்தான் தட்டில் உட்கார்ந்தது. ஊட்டியது. மூக்கருகே ஒரு புழுக்கை கிடந்ததை அது பார்த்தது. காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அதில் பட்டுக் கிடந்த தளிரை மிளகுக்கு நீட்டியது.

சில நாள் போயிற்று. ஒரு காலையில் தட்டு வந்தும் மிளகு வரவில்லை. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. வயிறு உப்பியிருந்தது. பின்னங்கால் ரோமமெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது.

“தாத்தா, வயித்துக்குள்ள என்னமோ உருளுது” என்றது.

தும்பை பதறிப் போனது. “அப்பா, இவனை வலைக்கிட்ட கொண்டுபோய்ப் படுக்க வைப்போம். லூர்து அம்மா பார்க்கட்டும்!”

“உனக்கு என்ன பைத்தியமா?” என்று கருங்காதன் சீறியது. “நோவை வெளியே காட்டுன முயல் பிழைச்சதா எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கியா? கூட்டத்துல நரி எதைத் தூக்கும்? நொண்டுறதைத் தூக்கும். படுத்துக் கிடக்கிறதைத் தூக்கும். அதனாலதான் நம்ம இனத்துல யாரும் வலின்னு முகம் காட்டுறதில்லை. செத்தாலும் காதைத் தூக்கிக்கிட்டுத்தான் சாகணும்!”

“இது காடு இல்லைப்பா, கூண்டு. இங்க நரி எங்க இருக்கு?”

“கை இருக்கே! வலையைத் திறந்து தூக்கிட்டுப் போற கை! உன் அண்ணனைத் தூக்கிட்டுப் போச்சு. திரும்பி வந்தானா? சொல்லு, வந்தானா?”

அண்ணனைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது தும்பைக்குத் தெரியாது. கருங்காதனுக்கும் தெரியாது. அதனால் தும்பை மிளகை இருந்த மூலையிலேயே விட்டுவிட்டது.

கருங்காதன் மிளகின் காதருகே குனிந்தது. இப்போது அதன் குரல் இளகியிருந்தது.

“ராசா, அந்த அம்மா வருவா. முதுகை நிமிர்த்திக்கோ. காதைத் தூக்கு. மூக்கை ஆட்டிக்கிட்டே இரு. இந்தத் தழையை வாயில வச்சு மெல்லுற மாதிரி நடி. அவ போனதும் படுத்துக்கலாம்.”

“வலிக்குது தாத்தா.”

“கொஞ்ச நேரம்தாண்டா.”

லூர்து அம்மா வந்து குனிந்து பார்த்தாள். மிளகு காதைத் தூக்கியது. மூக்கை ஆட்டியது. மென்றது.

“எல்லாரும் நல்லாத்தான் இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

“சபாஷ்டா சிங்கக்குட்டி!” என்றது கருங்காதன். தட்டில் கிடந்ததிலேயே நல்ல தளிராகத் தேடி எடுத்து மிளகின் வாயில் வைத்தது. மிளகு அதைத் தின்னவில்லை. தாத்தா மனம் நோகுமே என்று துப்பவும் இல்லை.

அடுத்த நாளும் அப்படியே நடந்தது. லூர்து அம்மா திரும்பி நடந்ததும் மிளகு பக்கவாட்டில் சரிந்தது.

“தாத்தா, இன்னைக்கும் நல்லா நடிச்சேனா?”

“நல்லா நடிச்சேடா.”

வெயில் ஏறுவதற்குள் மிளகு இறந்துவிட்டது.

கருங்காதன் அதை மூக்கால் தள்ளிப் பார்த்தது. எழுப்பிப் பார்த்தது. “போதும்டா, அவ போயிட்டா, இனிமே நடிக்க வேணாம்” என்றுகூடச் சொல்லிப் பார்த்தது. தும்பை ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் கருங்காதனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பொழுது சாயும் நேரத்தில் பொரி பல்லைக் கடிக்கத் தொடங்கியது.

கருங்காதன் வாயைத் திறந்தது. “காதைத் தூக்கு” என்று சொல்லத்தான் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டது. அதே நேரத்தில் தும்பை எழுந்தது. பொரியின் பிடரியைக் கவ்வி இழுத்துக்கொண்டுபோய் வலையோரத்தில், நடந்து போகிறவர் கண்ணில் படும் இடத்தில் கிடத்தியது.

“இப்ப என்னைத் தடுக்காதீங்கப்பா!”

கருங்காதன் தடுக்கவில்லை. கூட வந்து ஒரு கை கொடுக்கவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றது.

துணி எடுக்க வந்த லூர்து அம்மா பொரியைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் விறைத்துக் கிடந்த மிளகையும் பார்த்தாள். “ஐயோ, காலையிலகூடத் தழை மென்னுச்சே!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பொரியை முந்தானையில் சுற்றினாள். கூண்டிலிருந்த புழுக்கையிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள்.

மறுநாள் டாக்டரே வந்தார். கூண்டருகே குந்தி உட்கார்ந்து கருங்காதனை நெடுநேரம் பார்த்தார்.

“பெரிய முயலோட புழுக்கையிலதாம்மா நிறைய இருக்கு. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. குடல்ல குடியிருக்கும். புழுக்கை வழியா வெளியே வந்து, ஈரத்துல வளர்ந்து, தீனியோட சேர்ந்து இன்னொரு முயலோட வயித்துக்குள்ள போயிடும்.”

“இதுக்கு ஒண்ணுமே இல்லையே டாக்டர்! கல்லு மாதிரி இருக்கே!”

“இது குட்டியா இருந்தப்பவே வந்திருக்கும். எப்படியோ தப்பிச்சிருக்கு. இப்ப இது உடம்பு தாங்கிக்குது. பால் மறந்த குட்டிங்க தாங்காது.”

“அந்தப் பெரிய குட்டியை முன்னாடியே கொண்டுவந்திருந்தா?”

“பிழைச்சிருக்கலாம். இந்தச் சின்னது இனிமே பிழைச்சுக்கும், மருந்தைத் தண்ணியில கலந்து ஒரு நாளும் விடாம கொடுங்க. முயல் கடைசிவரைக்கும் நோவைக் காட்டிக்காதும்மா. அதுதான் பெரிய கஷ்டம்.”

கருங்காதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

லூர்து அம்மா கூண்டைத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவைத்தாள். மண் தட்டை எடுத்துவிட்டாள். யாரும் ஏறி உட்கார முடியாதபடி தழையைக் கட்டாகக் கட்டி உயரத்தில் தொங்கவிட்டாள். கருங்காதனுக்கும் மருந்து கொடுத்தாள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை அது தனியாக இருக்க வேண்டும் என்று முற்றத்தின் மறுகோடியில், கிணற்றடிச் சுவரோரமாக ஒரு சின்னக் கூண்டில் விட்டாள்.

தனியாக இருந்த கருங்காதனுக்கு யோசிக்க நேரம் நிறைய இருந்தது.

‘தெரியாமல் செய்தேன்’ என்று முதலில் சொல்லிக்கொண்டது. அது உண்மைதான். குடலுக்குள் குடியிருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? பிறகு அந்தப் புழுக்கை நினைவுக்கு வந்தது. காலால் தள்ளினோமே! ஒன்றுமில்லை என்றால் ஏன் தள்ளினோம்? கொஞ்சம் தெரிந்துதானே இருந்தது? தட்டை விட்டு இறங்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? குட்டிகள் தாமாகவே தின்றிருக்கும். தாத்தா ஊட்டாவிட்டாலும் அவற்றுக்கு வயிறு நிறைந்திருக்கும். அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லையோ? குட்டிகளின் பசிக்காக ஊட்டினோமா, நம் பசிக்காக ஊட்டினோமா?

கேட்டுக் கேட்டுப் பார்த்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மிளகு காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஒரு நாள் வரிக்கழுத்து அந்தப் பக்கம் வந்தது. கருங்காதன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

“வா, வந்து சொல்லு. ‘நான் அப்பவே சொன்னேனே’ன்னு சொல்லிட்டுப் போ.”

கோழி சொல்லவில்லை. மண்ணைக் கிளறிக்கொண்டே பேசியது.

“நான்தான் சரியாச் சொல்லல பெரியவரே. கக்கூஸுன்னு கேலி பண்ணா யாருக்குத்தான் காது திறக்கும்? பக்குவமாச் சொல்லியிருக்கலாம்.”

கருங்காதன் யோசித்தது. பொய் சொல்லித் தப்பிக்க அதற்கு மனம் வரவில்லை.

“இல்லம்மா. என் மக பக்குவமாத்தான் சொன்னா. நான் அவ வாயையும் அடைச்சேன்.”

மழை நின்றது. பொரி தேறியது. மெலிந்திருந்தாலும் துள்ள ஆரம்பித்துவிட்டது. லூர்து அம்மா அதை மாலையில் முற்றத்தில் ஓடவிட்டாள். முதல் நாளே அது நேராகக் கிணற்றடிக்கு ஓடி வந்தது. வாயில் ஒரு முருங்கைத் தளிர்.

“தாத்தா! தாத்தா! இங்கதான் இருக்கியா? அம்மா சொல்லவே இல்ல! இந்தா, நீ பாதி, நான் பாதி!”

தளிரை வலைக்குள் நீட்டியது. கருங்காதன் தன்னையறியாமல் முன்னால் நகர்ந்தது. அந்தக் குட்டி மூக்கு எவ்வளவு அருகில் இருந்தது! இவ்வளவு நாளும் அது ஏங்கியது இதற்குத்தான். ஒரே ஒரு கடி. யாரும் பார்க்கவில்லை. டாக்டர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அதனால் என்ன, மருந்துதான் குடித்தாயிற்றே!

அப்படி நினைத்த நொடியில் கருங்காதனுக்குத் தன்மேல் பயம் வந்தது.

பின்வாங்கியது. கூண்டின் கடைசிக்குப் போய், பின்னங்காலால் தரையில் படாரென்று உதைத்தது. ஆபத்து வந்தால் முயல்கள் எழுப்பும் ஓசை அது.

“போடா! இங்க வராதே! உன் அம்மாகிட்டப் போ!”

பொரி திடுக்கிட்டது. தளிர் கீழே விழுந்தது. “நான் என்ன செஞ்சேன் தாத்தா?” என்று கேட்டது.

பதில் சொன்னால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். கருங்காதன் மறுபடியும் உதைத்தது. இன்னும் ஓங்கி உதைத்தது. பொரி அழுதுகொண்டே முற்றத்தைக் கடந்து அம்மாவிடம் ஓடியது. தாத்தாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே அது நினைத்தது. அது கூண்டுக்குள் போய்ச் சேரும்வரை கருங்காதன் உதைப்பதை நிறுத்தவில்லை.

நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது, நம்மால் பிறருக்கு ஒன்றும் ஆகாது என்பதற்குச் சாட்சி அல்ல.