ரிப்பன் கட்டிய மண்வெட்டி

கானா நாட்டில் ஒரு மண்வெட்டி இருந்தது. அதற்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, பிடியில் ரிப்பன் கட்டி, வெல்வெட் விரித்த பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் யாவ் பெதியாக்கோவின் காரில் அது சொகுசாக ஊர் சுற்றியது. விழா மேடைக்குப் பக்கத்தில் ஒரு கொத்து கொத்தினால் போதும், அன்றைய வேலை முடிந்துவிடும்.

பெதியாக்கோவைக் கெட்டவர் என்று சொன்னால் பாவம். வாத்தியாராக இருந்து, வீடு வீடாக நடந்து ஓட்டுக் கேட்டு ஜெயித்தவர். அசெம்க்ரோம் என்ற ஊரில் பிரசவ ஆஸ்பத்திரிக்கு முதன்முதலாக மண் வெட்டியபோது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. பிறகு தலைநகர் அக்ராவில் கமிட்டி, கமிட்டிக்குப் பின் துணை அமைச்சர் பதவி என்று அவர் ஏறிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி மட்டும் எழும்பவில்லை. ஒவ்வொரு தேர்தல் நெருங்கும்போதும் அவருக்கு அது ஞாபகம் வரும். உடனே புறப்பட்டு வந்து, அதே இடத்தில், மறுபடியும் முதல் மண்ணை வெட்டுவார்.

இந்தத் தடவையும் பந்தல் போட்டார்கள். ஊர்த்தலைவர் நானா அம்போஃபோ வழக்கப்படி ஸ்னாப்ஸ் என்ற சாராயப் புட்டியைத் திறந்து, முன்னோரை அழைத்து, நிலத்திடம் அனுமதி கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் ஊற்றினார்.

"மறுபடியுமா?" என்றது நிலம். "எத்தனை தடவைதான் அனுமதி குடுக்கிறது? குடிச்சுக் குடிச்சு எனக்குத் தலை சுத்துது."

"எனக்கு மட்டும் பெருமையாவா இருக்கு, அக்கா?" என்றது மண்வெட்டி. "போட்டோ எடுப்பாங்க, துடைப்பாங்க, பெட்டியில போட்டுப் பூட்டுவாங்க. களைக்கொத்திகூட என்னைப் பார்த்துச் சிரிக்குது."

"உன் மானம் இருக்கட்டும், தம்பி. போன மழைக்காலத்துல ஒரு பொண்ணை மோட்டார் பைக்ல வச்சு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சேறு, வண்டி நகரலை. இதோ, என் மேலேயே பிள்ளையைப் பெத்தா. மருத்துவச்சி செர்வா தன் துணியை அவிழ்த்து மறைப்புக் கட்டினா. எனக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியலை. எவ்வளவு குளிர்ந்து கிடந்தேன் தெரியுமா அன்னிக்கு!"

"அக்கா, இன்னிக்கு நான் இறங்கினதும் என்னைப் பிடிச்சுக்கோ. விடாதே," என்றது மண்வெட்டி.

பெதியாக்கோ மண்வெட்டியை ஓங்கினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே போட்டார். மண்வெட்டி தன் பாரத்தை எல்லாம் கொடுத்துப் பிடிவரை இறங்கியது. நிலம் பல்லைக் கடித்துக்கொண்டது.

இழுத்தார். வரவில்லை. சிரிப்பை முகத்திலேயே வைத்துக்கொண்டு இன்னும் ஒரு தடவை இழுத்தார். பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த பாட்டையே திரும்ப வாசித்தார்கள்.

"விட்டுடலாமே, நானா. அப்புறம் ஆள் வச்சு எடுத்துக்கலாம்," என்றார் பெதியாக்கோ மெதுவாக.

நானா தலையசைத்து மறுத்தார். "முன்னோருக்கு ஊத்திட்டோம், மாண்புமிகு. இறக்கின கைதான் எடுக்கணும். அது இங்க மாட்டிக்கிட்டுக் கிடந்தா ஊருக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது."

தேர்தல் நேரத்தில் யார் இந்தப் பேச்சை வாங்கிக்கொள்வார்? பெதியாக்கோ கோட்டைக் கழற்றினார். செர்வா தன் வீட்டுக் கடப்பாரையைக் கொண்டுவந்து நீட்டினாள். "சுத்தித் தோண்டுங்க, ஐயா. நாங்களும் பிடிக்கிறோம்."

அவர் தோண்டினார். நிலம் ஒரு பக்கம் நெகிழ்ந்து கொடுத்து, மறுபக்கம் இறுக்கிக்கொண்டது. அவர் அந்தப் பக்கம் போனார். பெண்கள் கூடைகளில் மண்ணை அள்ளினார்கள், இளவட்டங்கள் பந்தயம் கட்டிக் குழியில் குதித்தார்கள். போன மழையில் இதே சேற்றில் நடந்த பிரசவத்தைச் செர்வா மண் அள்ளிக்கொண்டே சொன்னாள். உள்ளங்கை கொப்பளித்த பெதியாக்கோ அவளிடம், "அந்தப் பொண்ணும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றாள். அதற்குப் பிறகு அவர் கேமராவைத் தேடவே இல்லை.

சாயங்காலம் மண்வெட்டி கையோடு வந்தது. பெயின்ட் உரிந்து, ரிப்பன் கிழிந்து, வாய் மழுங்கி, அது சந்தோஷமாக இருந்தது. ஓர் ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் போடும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

பெதியாக்கோ தேர்தலில் தோற்றார். இத்தனை வருஷம் கொத்தியதற்கு ஒரு நாள் தோண்டியது ஈடாகவில்லை. மண்வெட்டியைக் கொண்டுவந்து செர்வாவிடமே கொடுத்துவிட்டார்.

அடுத்து ஜெயித்தவர் புது மண்வெட்டியோடு வந்தார். பந்தல், பாண்டு, ஸ்னாப்ஸ், எல்லாம் தயார். கூட்டம் குழியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. அதில் உரக்கச் சிரித்தவர் பெதியாக்கோதான்.

பளபளப்பான புது மண்வெட்டி குழியை எட்டிப் பார்த்து மிரண்டது. "அக்கா, நான் எங்கே வெட்டுறது?"

"வெட்ட இங்க ஒண்ணும் மிச்சம் இல்லை, தம்பி," என்றது நிலம். "போய்ச் செங்கல்லை வரச் சொல்லு."