நடைப்பயிற்சிக்குப் போன கேக்

தென்றல் நகர்ப் பூங்காவில் காலையில் நடக்கிறவர்கள் நாலு பேர். காலுக்குக் கொடுத்த வேலையில் கால்வாசியைத் தலைக்கும் கொடுத்திருந்தால் எனக்கு இன்று சொல்ல ஒரு கதை இருந்திருக்காது. நல்லவேளை, கொடுக்கவில்லை.

சங்கம் வைத்து நடக்கிறவர்கள். தலைவர் தணிகாசலம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பிள்ளைகளுக்குத் தெரிந்ததையும் மறக்கடித்துவிட்டு வெளியே வந்தவர். ஏகாம்பரத்துக்குத் தொந்தி, குப்புராஜுக்கு வாயில் ஓயாத விசில். நாலாவது ஆள் நம்ம பொன்னுரங்கம். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க மாட்டார். அதனாலேயே ஆழமான மனிதர் என்று பெயர் எடுத்துவிட்டார். திறந்தால் அல்லவா ஆழம் தெரியும்!

சங்கத்துக்கு விதிகள் உண்டு. கையை நன்றாக வீசி நடக்க வேண்டும். நடக்கும்போது பேசக் கூடாது. என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. எந்தக் காரியமானாலும் கை தூக்கித் தீர்மானம் போட்டபிறகே செய்ய வேண்டும். இப்படி நடந்து கரைத்த கொழுப்பை முக்குக் கடையில் போண்டாவாக வாங்கித் திரும்பவும் உள்ளே போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேருவார்கள். வருஷக்கணக்கில் நடந்தும் ஏகாம்பரத்தின் தொந்தி அசையவில்லை. "நடக்கலைன்னா இன்னும் எவ்வளவு ஆயிருக்கும், யோசிச்சுப் பாரு" என்பார் தலைவர். மற்றவர்கள் யோசித்து நடுங்குவார்கள்.

போன வருஷம் பொன்னுரங்கம் மனைவியின் பிறந்தநாளை மறந்துவிட்டார். கனகவல்லி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பொம்பளை சண்டை போட்டால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் ஆபத்து. இந்த வருஷம் அக்கா வீட்டுக்கு நாலு நாள் போகும்போது வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை என் பிறந்தநாள். சாயங்காலம் வருவேன். நான் கரண்டி பிடிக்காம எனக்குன்னு ஒரு வாய் இனிப்பு இந்த வீட்டுல இருந்தா இருப்பேன். இல்லைன்னா வந்த ஆட்டோவுலயே அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்களும் உங்க சங்கமும் கையை வீசிக்கிட்டு நடங்க."

பொன்னுரங்கத்துக்குத் தூக்கம் போயிற்று. கனகவல்லி இல்லாத வீட்டில் அவருக்குத் தண்ணீர்ப் பானை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கூடத் தெரியாது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் சுகந்திக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னார்.

"அப்பா, அலமாரியில நான் வாங்கி வச்ச கேக் மிக்ஸ் டப்பா இருக்கு. செய்முறை டப்பா மேலயே போட்டிருக்கு. ஆனா அம்மாவுக்கு டாக்டர் கொழுப்பு ஆகாதுன்னு சொல்லியிருக்காரு, ஞாபகம் இருக்கட்டும். எண்ணெய்க்குப் பதிலாத் தயிர் ஊத்துங்க. முட்டையில மஞ்சளை எடுத்துட்டு வெள்ளையை மட்டும் போடுங்க. மேல க்ரீம் கிரீம்னு எதுவும் பூசாதீங்க. கேக் சுடுற அவன் அடுப்பு இல்லைன்னா குக்கர்ல வைங்க, விசில் மட்டும் வரக் கூடாது. கொழுப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைங்க. சரியா?"

"சரிம்மா" என்றார் பொன்னுரங்கம். அவர் சரி என்று சொன்னதும் சுகந்திக்கு மனசுக்குள் ஏதோ உதைத்ததாம். பின்னால் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சங்கம் சமையலறையில் கூடியது. தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைப் படித்தார்.

"மாவை ஒரே திசையில் கலக்கவும்."

"எந்தத் திசைன்னு போடலையே!" என்றார் ஏகாம்பரம்.

"அதை நம்ம அறிவுக்கு விட்டிருக்கான்" என்றார் தலைவர். கம்பெனிக்காரன் அவசரப்பட்டுவிட்டான். தெற்கு ஆகாது, மேற்கில் சூரியன் இறங்குகிறான் என்று விவாதித்து, கிழக்கு என்று தீர்மானம் நிறைவேறியது. ஏகாம்பரம் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கரண்டியால் கிழக்கே, கிழக்கே, இன்னும் கிழக்கே என்று தள்ளினார். கொஞ்ச நேரத்தில் மாவில் ஒரு பங்கு கிழக்குச் சுவரில் இருந்தது. அதை வழித்துத் திரும்பப் போடலாமா என்றார் பொன்னுரங்கம். சுவரிலிருந்து பாத்திரத்துக்கு வந்தால் அது மேற்கே வருவதாகிவிடும் என்று தலைவர் தடுத்துவிட்டார்.

அடுத்து முட்டை. நாலு முட்டையை உடைத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றிவிட்டு நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"மஞ்சள் இருக்கு. வெள்ளை எங்க?"

"இது தண்ணி மாதிரில்ல இருக்கு?"

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கிண்ணத்துக்குள் வெள்ளையாக ஒன்றும் இல்லை. கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "ஏம்ப்பா, கண்ணு முன்னால பளபளன்னு வெள்ளை வெளேர்னு இருக்கே!" என்று முட்டை ஓட்டைக் கையில் எடுத்தார். மூவரும் ஆஹா என்றார்கள். ஓட்டை நன்றாக நொறுக்கி மாவில் போட்டு, கிண்ணத்தில் இருந்ததை வாசல் செடிக்கு ஊற்றினார்கள். எலும்புக்கு நல்லது என்று ஏகாம்பரம் சேர்த்துக்கொண்டார்.

எண்ணெய்க்குப் பதில் தயிர். இதில் மட்டும் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மாவில் ஊற்றினார்கள். பாத்திரத்தில் தடவினார்கள். சமையலறைக் கதவு கிறீச்சென்றது. கீலுக்கும் ஒரு கரண்டி விட்டார்கள். பூஜையறை விளக்கிலும் எண்ணெய் இருந்ததைத் தலைவர் கவனித்துவிட்டார். கனகவல்லி வீட்டுச் சாமியும் கொழுப்பைக் குறைத்துக்கொண்டது.

குக்கரை அடுப்பில் ஏற்றியதும் பொன்னுரங்கத்துக்கு மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. "விசில் வரக் கூடாதாம்."

எல்லோரும் குப்புராஜைப் பார்த்தார்கள். பாவம், அவர் அப்போதுதான் ஒரு பழைய பாட்டை உதட்டில் ஆரம்பித்திருந்தார். தீர்மானம் போட்டு அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். அங்கே நின்று அவர் ஆசை தீர விசில் அடிக்க, தெருமுனை ஏ.டி.எம். வாசலில் படுத்திருந்த நாய் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ஏ.டி.எம்.மைக் காவல் காப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். அந்தத் தெருவில் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொள்ளும் ஜீவன் அது ஒன்றுதான்.

"பல்குச்சியை நடுவில் குத்தவும். ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது" என்று படித்தார் தலைவர். பொன்னுரங்கம் குத்தினார். மாவு ஒட்டியது.

"குச்சி சரியில்லை. வேற குச்சி எடு."

வேறு குச்சியிலும் ஒட்டியது. குச்சியைத் துடைத்துக்கொண்டே எடுத்தால் ஒட்டாமல் வருமே என்றார் ஏகாம்பரம். அது நேர்மையாகாது என்றார் தலைவர். இது பற்றி அவர்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் கேக் தானாக வெந்துவிட்டது. அவர்கள் கை வைக்காத ஒரே வேலை அது. கடைசிக் குச்சி சுத்தமாக வந்தது. "கைராசியான குச்சி" என்று பொன்னுரங்கம் அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

கேக்கைத் தட்டில் கவிழ்த்தார்கள். உண்மையைச் சொல்லணும், பார்க்க நன்றாகவே இருந்தது. பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் கையால் இந்த வீட்டில் உருவான முதல் பொருள். கனகவல்லி இருந்துவிடுவாள் என்று நெஞ்சு நிறைந்தது.

அங்கேயே விட்டிருக்கலாம். விட்டால் அது நம்ம சங்கமா?

"கொழுப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கச் சொன்னா சுகந்தி" என்றார் பொன்னுரங்கம்.

"தயிர் ஊத்தியாச்சே."

"முடிஞ்ச அளவுன்னா? இன்னும் ஏதாவது முடியுமே?"

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "கொழுப்பைக் குறைக்க டாக்டர் நமக்கு என்ன சொன்னாரு?"

"நடக்கச் சொன்னாரு."

"அப்புறம் என்ன யோசனை?"

வெளியே நின்ற குப்புராஜையும் உள்ளே கூப்பிட்டார்கள். நாலு கையும் உயர்ந்தன.

முதலில் எடை பார்த்தார்கள். முள் வைத்த பழைய எடை மிஷினில் பொன்னுரங்கம் தட்டோடு ஏறி நின்றார். தலைவர் முள் நிற்கும் இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். பிறகு கேக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். முன்னால் தலைவர், கடைசியில் தட்டோடு பொன்னுரங்கம். விதிப்படி கையை நன்றாக வீசி. விதிப்படி பேசாமல். விதிப்படி திரும்பியே பார்க்காமல். பின்னால் மேனேஜர் வந்தது. அதற்கு விதி ஒன்றும் கிடையாது. மேலிருந்து விழுவதைக் கீழே விழாமல் பிடிப்பது ஒன்றுதான் வேலை.

ஒரு சுற்று முடிந்து வந்து எடை பார்த்தார்கள். முள் கோட்டுக்குக் கீழே!

"குறைஞ்சிருக்கு!" என்று கத்தினார் குப்புராஜ்.

"ஒரே சுற்றுல!" என்று ஏகாம்பரம் பொறாமையோடு கேக்கைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர். "வருஷக்கணக்கா நடக்கிறேன், எனக்கு ஒரு கோடு இறங்கலை. இதுக்குப் பாரு."

"அது போண்டா தின்னலை" என்றார் தலைவர். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே சரியான வார்த்தை. அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுபடி நடந்தார்கள். மறுபடி குறைந்தது. உற்சாகம் தாங்காமல் கையை இன்னும் உயரே வீசினார்கள். கேக் பாதியானது, கால் ஆனது. "எப்படி இளைச்சிருக்கு பாரு!" என்று பொன்னுரங்கம் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கடைசிச் சுற்று முடிந்து வீட்டு வாசலுக்கு வந்தபோது தட்டில் கொழுப்பு துளியும் இல்லை. கேக்கும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்து நின்றது. கனகவல்லி பையோடு இறங்கினாள். தட்டைப் பார்த்தாள்.

"எங்க என் இனிப்பு?"

"நடந்து நடந்து..." என்று பொன்னுரங்கம் தடுமாறினார். "முழுசா இளைச்சிடுச்சு வல்லி."

கனகவல்லி அவருக்குப் பின்னால் கையைக் காட்டினாள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சங்கம் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் மூக்கெல்லாம் கேக் தூளோடு வாலை ஆட்டியது. வயிறு தவில் மாதிரி உப்பியிருந்தது.

"கேக் எங்கயும் போகலை! பத்திரமா உள்ள இருக்கு" என்றார் தலைவர் நிம்மதியாக. "எதுல இருந்தா என்ன, பிறந்தநாள் நிக்கக் கூடாது."

சொல்லி முடிப்பதற்குள் மேனேஜரை மேஜைமேல் தூக்கி வைத்தார்கள். அதன் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. குப்புராஜுக்கு விசில் அடிக்க அனுமதி கிடைத்தது. ஏகாம்பரம் பயபக்தியோடு கத்தியைக் கனகவல்லியிடம் நீட்டினார்.

கனகவல்லி கத்தியை வாங்கினாள். நாயைப் பார்த்தாள். பிறகு நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தாள்.

"வெட்ட வேண்டியது நாயை இல்ல" என்றாள்.

நாலு பேரும் யாராக இருக்கும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பொன்னுரங்கம் ஓடிப்போய்ப் பையைப் பிடித்துக்கொண்டார். "வல்லி, போயிடாத. உனக்காகத்தான் செஞ்சேன். எனக்கு நீ இல்லாம முடியாது." கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்த அழுகையில் மட்டும் முட்டாள்தனம் இல்லை. கனகவல்லிக்கும் அது தெரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுப்பாளா?

ஆட்டோவை அனுப்பிவிட்டு, "எனக்கு என் கேக் வேணும்" என்றாள். "காலையில அது என் கைக்கு வந்தா இருக்கேன். வரலைன்னா முதல் பஸ்."

அவள் சொன்னது கோபத்தில். கேட்டவர்களோ அதை அட்சரம் பிசகாமல் மனசில் வாங்கிக்கொண்டார்கள்.

விடிந்தது. கனகவல்லி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து எதிரே இருந்த பூங்காப் பக்கம் பார்த்தாள். பார்த்தவள் பையைப் போட்டுவிட்டு, தூணைக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். தெருமுனையில் முதல் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, போயே போய்விட்டது. அவளால் நிமிர முடியவில்லை.

பூங்காவில் மேனேஜர் நிதானமாக முன்னால் நடந்துகொண்டிருந்தது. பின்னால், அதன் வாலிலிருந்து கண்ணை எடுக்காமல், சங்கம் மொத்தமும். எல்லோருக்கும் முன்னே குனிந்தபடி பொன்னுரங்கம். ஒரு கையில் கழுவித் துடைத்த அந்தத் தட்டு. மறு கையில், வெந்துவிட்டதா என்று பார்க்க, கைராசியான அந்தப் பல்குச்சி.