அடுப்படிக் கத்தி

தமயந்தி மாவட்ட நீதிபதி. வயது ஐம்பத்தாறு. தீர்ப்பு எழுத முடியாமல் போனால் மட்டும் சடைச்சாமியின் ஆசிரமத்துக்கு வருவார். அன்று ஒரு பப்பாளியோடு வந்தார்.

"பல் போனவனுக்குப் பப்பாளி. லஞ்சமா?" என்றார் சாமி.

"பழம்தான் சாமி."

"சரி, சொல்லித் தொலை."

சொன்னார். இரண்டு கொலை வழக்கு. ஒருவன் பங்காளியைக் கொல்ல அரிவாளோடு சந்தைக்குப் போனான். போன வாரம் அவனுக்குக் கடுமையான தண்டனை கொடுத்தாயிற்று. இன்னொருவன் தன் வீட்டு அடுப்படியில் மனைவி அஞ்சலையைக் குத்திக் கொன்றான். குற்றம் உறுதி. எத்தனை வருஷம் என்று நாளை சொல்ல வேண்டும்.

"சொல்லேன். யார் தடுத்தது?"

"தண்டனைக்கு முன்னால குற்றவாளியையும் ஒரு வார்த்தை கேட்கணும் சாமி. கேட்டேன். 'நான் ஆயுதம் எடுத்துப் போகலைம்மா, கைக்குக் கிடைச்சதை எடுத்துட்டேன்'னு அழுதான். வக்கீலும் அதையே பிடிச்சுக்கிட்டார். சந்தைக்காரன் சுமந்துக்கிட்டுப் போனான், அது திட்டம். இவன் சுமக்கலை. அதனால குறைக்கணுமாம். இப்படிக் குறைக்கிறது வழக்கம்தான். நானே குறைச்சிருக்கேன். இந்தத் தடவை பேனா ஓடலை."

சாமி பழத்தைத் தட்டிப் பார்த்தார்.

"கத்தி எடுத்துட்டு வா."

தமயந்தி போன வேகத்தில் திரும்பினார்.

"தேடினியா?"

"எதுக்கு? இருபது வருஷமா வரேன். தட்டுக்குப் பின்னாலதானே இருக்கும்."

"புது ஆள் வந்தா?"

"தேடணும். இல்லேன்னா கையோட கொண்டு வரணும்."

"ம். நறுக்கு."

நறுக்கினார். சாமி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிக்குதே! போன தடவை நீ வாங்கிட்டு வந்தது பூசணிக்காய். இந்தா, நீயும் தின்னு. முகம் வாடிக் கிடக்கு."

"எனக்கு இறங்காது சாமி. நாளைக்கு என்ன எழுதறது?"

"சட்டம் எனக்குத் தெரியாது. அந்தக் கத்தி யாருது?"

"அஞ்சலையோடது. காய் நறுக்க அவளே வாங்கி வச்சது."

சாமி மெல்லுவதை நிறுத்தினார்.

"அவ தன் அடுப்படியில ஒரு கத்தி வச்சிருந்தா. அதுக்காக அவனுக்கு எத்தனை வருஷம் கழிக்கப் போறே?"