விபூதி தேய்த்த டாலர்

"ரெண்டும் தேஞ்ச காசுதானேம்மா. இதுல எதை எடுக்கிறதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் சிவக்கொழுந்து.

அவருக்கு வயது அறுபத்தொன்று. பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டது ருக்கையாவிடம். ருக்கையாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. நாகூரில் பழைய நாணயக் கடை வைத்திருந்தார். காசு பார்க்கக் கற்றுக்கொள்ள வியாழக்கிழமைதோறும் அவரிடம் நாலைந்து பேர் வருவார்கள். அவர்களில் வயதில் மூத்தவரும் பயத்தில் மூத்தவரும் சிவக்கொழுந்துதான்.

மேசைமேல் இரண்டு வெள்ளி டாலர்கள் இருந்தன. அமெரிக்காக்காரர்கள் சொந்தமாகக் காசு அடிக்க ஆரம்பித்த காலத்தவை, இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனவை. ஒரு பக்கம் கூந்தலை அவிழ்த்துவிட்ட ஒரு பெண், மறுபக்கம் கழுகு. ஒரு டாலர் கறுத்துப்போயிருந்தது. பெண்ணின் மூக்கும் முழியும் தேய்ந்துவிட்டன. வெள்ளிதானா என்று பார்க்க அவள் கன்னத்தில் யாரோ உளியால் கொத்திய வடு வேறு. ஆனால் வருஷம் பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்று சாம்பல் நிறம். வடு இல்லை. கூந்தல்கூட இழை இழையாகத் தெரிந்தது. வருஷத்தின் கடைசி எண் மட்டும் மங்கிக் கிடந்தது.

இரண்டும் நாகப்பட்டினத்தில் ஒரு வயதான அம்மாள் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தவை. ஒன்றை ருக்கையா தன் சேகரிப்புக்கு எடுத்துக்கொள்வது, மற்றதைத் திருப்பித் தந்துவிடுவது என்று பேச்சு.

ருக்கையா டாலர்களைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு அவரிடம் நீட்டினார்.

"ஒரு வாரம் வீட்டுல வெச்சுப் பாருங்க ஐயா. அடுத்த வியாழன் நீங்களே சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான். எடுக்கிற காசோட உறையில உங்க பேரை எழுதிடுவோம்."

ருக்கையாவின் உறைகளில் விலை இருக்காது. அந்தக் காசு யார் யார் கையில் இருந்தது, யார் கொண்டுவந்தது என்பது மட்டும் இருக்கும், அதுவும் நிச்சயமாகத் தெரிந்த மட்டும். காலமெல்லாம் வில்லங்கச் சான்று எழுதிய சிவக்கொழுந்துக்கு இந்த வழக்கம் பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று. அதில் தன் பேரும் ஒரு நாள் வர வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஆசை. யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலையில் பூஜைச் சாமான் துலக்குவது அவர் வீட்டில் அவர் வேலை. வெள்ளி விளக்கையும் சந்தனக் கிண்ணத்தையும் விபூதி போட்டுத் தேய்த்து முடித்தார். விரலில் ஒட்டிய விபூதியோடு அந்தக் கடைசி எண்ணை நினைத்துக்கொண்டார். எட்டா, ஒன்பதா, ஏழா? ஏழு என்றால் லேசில் கிடைக்காது. ஒரே ஒரு தடவை துடைத்தால் தெரிந்துவிடும்.

ஒரு தடவைதான் துடைத்தார். பிறகு இன்னொரு தடவை. பிறகு எலுமிச்சம்பழ மூடி வந்தது.

கால்மணி நேரத்தில் டாலர் போன வாரம் கடையில் வாங்கிய கிண்ணம்போல மின்னியது. கடைசி எண் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. முன்பு இருந்த கொஞ்ச வளைவும் போய்விட்டது.

டாலரை அவசரமாக உறைக்குள் திணித்தார்.

பழங்காசைத் துலக்கக் கூடாது. ருக்கையா முதல் வியாழனன்றே சொன்ன பாடம் அது. "மேல படிஞ்சிருக்கே, அது அழுக்கு இல்ல ஐயா, அதோட வயசு" என்று சொல்லியிருந்தார். திருவாரூர் பல் டாக்டர் ஒருவர் மறந்துபோய்க் கைக்குட்டையால் ஒரு காசைத் துடைத்தபோது, ருக்கையா அதட்டவே இல்லை. காசை வாங்கிக்கொண்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார். அதன் பிறகு டாக்டர் வந்த நாள்களில் காசு வைத்திருக்கும் இழுப்பறையைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று வியாழன் டீ குடித்துவிட்டு டாக்டர் வருவதை நிறுத்திவிட்டார்.

சிவக்கொழுந்து அந்த டீயை நினைத்து, வீட்டில் போட்ட டீயைக்கூடத் தொடவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலும் ருக்கையா ஆள் அனுப்பிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தார். மனைவி கோமதி சோறு போட்டு இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை செல்போனில் ஒரு வழி கண்டுபிடித்தார். அவித்த முட்டையை மசித்து, வெள்ளியோடு ஒரு டப்பாவில் போட்டு மூடிவைத்தால் வெள்ளி கறுத்துவிடுமாம்.

ஏழு தலைமுறையாக முட்டை நுழையாத வீடு அது. மூன்று தெரு தள்ளிப் போய், தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரே ஒரு முட்டை வாங்கினார். வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு நடந்த நடையில் அவரை யாராவது பார்த்திருந்தால் இடுப்புப் பிடிப்பு என்று நினைத்திருப்பார்கள். கோமதி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கொல்லையில் வெந்நீர் அடுப்பில் அவித்து, டப்பாவை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தார்.

செவ்வாய்க்கிழமை கோமதி மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். "மாடியில என்னமோ செத்துக் கிடக்குங்க."

"எலியா இருக்கும்" என்றார். மனைவியிடம் அவர் சொன்ன முதல் பெரிய பொய் எலியைப் பற்றியதாக அமைந்தது.

டாலர் கறுத்திருந்தது. பழைய சாம்பல் நிறம் வரவில்லை, மஞ்சளும் நீலமுமாக ஒரு கறுப்பு. பரவாயில்லை, இது போதும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். புதன் முழுக்கத் தேற்றினார்.

வியாழக்கிழமை மத்தியானம் ருக்கையாவின் கடையில் வேறு யாரும் இல்லை.

"எது ஐயா?"

"கறுப்புதாம்மா. வடு இருக்கே, அது."

"ஏன்?"

"வடு இருந்தாலும் அதுக்கப்புறம் யாரும் கை வைக்காத காசு."

"அப்போ இது?" ருக்கையா மற்ற உறையிலிருந்து டாலரை ஓரத்தில் பிடித்து எடுத்தார்.

"அது வந்தப்பவே ஒரு மாதிரியாத்தாம்மா இருந்துச்சு."

ருக்கையா லென்ஸைத் தொடவில்லை. டாலரை மூக்கருகே கொண்டுபோனார். சிவக்கொழுந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சரி" என்றார் ருக்கையா. "கறுப்பை எடுத்துக்குவோம். இதை நீங்களே நாகப்பட்டினம் கொண்டுபோய் அந்தம்மா கையில கொடுத்துட்டு வந்துடுங்க. நீங்க கொடுத்தது கொடுத்தபடியே இருக்குன்னு சொல்லிக் கொடுங்க."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான்."

அவர் உறையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஒரு செருப்பை மாட்டினார். அடுத்த செருப்பு காலில் ஏறவில்லை. ஒரு வாரமாக ருக்கையாவுக்குப் பயந்தவருக்கு இப்போது பார்த்தே இராத ஒரு கிழவிமேல் பயம் வந்தது. அந்த அம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். வாங்கிக்கொண்டு, "நல்லா இருங்க தம்பி" என்று சொல்லிவிடலாம். அதை நினைத்ததும் மாட்டிய செருப்பையும் கழற்றினார்.

திரும்பி உள்ளே வந்தார்.

"நான்தாம்மா தேய்ச்சேன்."

விபூதியைச் சொன்னார். எலுமிச்சம்பழத்தைச் சொன்னார். முட்டைக்கு வரும்போது குரல் உடைந்தது.

"அந்தக் கடைசி எண் என்னம்மா? நீங்க முன்னாடியே பார்த்திருப்பீங்கல்ல?"

"பார்க்கலை ஐயா. நீங்க கொண்டுவந்ததும் சேர்ந்து நிதானமாப் பார்க்கலாம்னு இருந்தேன்."

"இனிமே?"

"இனிமே யாரும் பார்க்க முடியாது."

சிவக்கொழுந்து உட்கார்ந்துவிட்டார். டீ வரும் என்று எதிர்பார்த்தார். டீ வரவில்லை. ருக்கையா கறுப்பு டாலரை உறையில் போட்டு, நாகப்பட்டினம் அம்மாளின் பேரை எழுதித் தனியே வைத்தார்.

"அதையா திருப்பிக் கொடுக்கிறீங்க? நல்லது அதுதானேம்மா!"

"கெட்டதை அவங்களுக்கு எப்படிக் கொடுக்கிறது?"

இன்னொரு உறையையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க."

"என்ன எழுத?"

"நடந்ததை. பேரோட."

எழுதினார். சிவக்கொழுந்து. வெள்ளிக்கிழமை காலை விபூதி, எலுமிச்சம்பழம். திங்கட்கிழமை முட்டை. கடைசி எண் அழிந்துபோனது. இரண்டு வருஷமாக ஆசைப்பட்ட உறையில் அவர் பேர்தான் முதல் வரி.

ருக்கையா அந்த உறையில் டாலரைப் போட்டார். இழுப்பறையைத் திறந்து, மற்ற காசுகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கினார்.

"அம்மா, இனிமே இந்த இழுப்பறையைத் திறக்கிறவங்க எல்லாரும் இதைப் படிப்பாங்களே. நினைச்சாலே பயமா இருக்கு."

ருக்கையா உறையை வெளியே எடுத்து, திருப்பி, அவர் முன்னால் வைத்தார்.

"அதையும் எழுதுங்க ஐயா. பின்பக்கம் காலியாத்தான் இருக்கு."