தலைக்கரகம்

எரிமலை அடிவாரத்தில் அனலூர் என்று ஒரு நாடு. அதை வச்சிரமாறன் என்ற ராசா ஆண்டுவந்தார். எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். மலை புகைந்த காலம், அவ்வளவுதான். மலைக்குள் கனலையன் என்கிற நெருப்புச்சாமி குடியிருக்கிறார், அவருக்குப் பசித்தால் புகை வரும் என்பது ஊர் நம்பிக்கை.

ராசாவுக்கோ பயம் வந்தால் புத்தி போய்விடும். போன வருசம் மலை புகைந்தபோது அரண்மனைப் பூசாரி வீரணன் சாமியாடி, சுண்ணாம்பு சுடுகிற சடைச்சியின் மகளைக் கனலையன் கேட்கிறார் என்றான். சடைச்சி ராசா காலில் விழுந்து அழுதாள். சபையில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. பிள்ளையை மலைவாய்க்குள் தள்ளிவிட்டு வந்தார்கள், பாவிகள். மூன்றாம் நாள் புகை அடங்கியது. வீரணனுக்கு ராசாவின் பக்கத்திலேயே ஆசனம் கிடைத்தது.

இந்த வருசமும் மலை புகைந்தது. ராசா எதற்கெடுத்தாலும் மந்திரி அறவாழியைக் கேட்பது வீரணனுக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். அதனால் இந்தத் தடவை சாமி, மந்திரியின் ஒரே மகள் செங்காந்தளைக் கேட்டார். வெள்ளிக்கிழமை மலையேற்றம் என்று ராசாவும் சொல்லிவிட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? மந்திரிக்கு இப்போது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அரண்மனை வாசலில் ஊரே கூடியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அறவாழி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை, ஆனால் கெஞ்சவில்லை. மலைவாயும் கனலையனின் தீக்குழிதானே என்று பூசாரியிடம் பணிவாகக் கேட்டார். அதைவிடப் பெரிய தீக்குழி உலகத்தில் உண்டா என்று மீசையை முறுக்கினான் வீரணன்.

"அப்படியானால் நம் தீமிதி வழக்கம் இதற்கும் உண்டு, மகாராசா. தலைக்கரகம் சுமந்து பூசாரிதான் முதலில் இறங்க வேண்டும். அவர் கால் படாத நெருப்பில் வேறு யார் கால் பட்டாலும் சாமி குற்றம்" என்றார் அறவாழி.

ஆடிதோறும் வீரணன் பின்னால் தீ மிதிக்கிறவர்தானே ராசா? அவருக்கும் சரியென்று பட்டது. கரகத்தைக் கொண்டுவரச் சொன்னார். வேப்பிலை சுற்றிய கரகம் தலையில் ஏறியதும் வீரணன் பின்வாங்கினான். நேற்றிலிருந்து காய்ச்சல் என்றான்.

"நெருப்புச்சாமியிடம் போகிறவரைக் காய்ச்சல் என்ன செய்யும்?" என்றார் ராசா.

காவலர்கள் கையைப் பிடித்து இழுத்ததும் கரகம் விழுந்து உருண்டது. வீரணனும் விழுந்தான்.

"சாமி எதுவும் கேட்கலை, மகாராசா. போன வருசமும் கேட்கலை. நானாகச் சொன்னேன்."

சிரிக்கலாம் என்றால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ராசா அவனுக்கு விலங்கு போடச் சொன்னார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டு, புத்தி என்றால் இதுவல்லவா புத்தி என்று மெச்சினார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சடைச்சி வந்தாள். கையெல்லாம் சுண்ணாம்பு வெந்த புண். செங்காந்தளின் கன்னத்தைத் தொட்டு, நல்லாயிரு தாயி என்றாள். பிறகு மந்திரி பக்கம் திரும்பினாள்.

"இந்த வழக்கம் போன வருசமும் இருந்துச்சே, ஐயா. அப்போ ஏன் சொல்லலை?"

அறவாழி மாலையைக் கழற்றித் தரையில் வைத்தார். மகளின் கையையும் விட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றார். சடைச்சி பதிலுக்காகக் காத்திருந்தாள். அந்த நாட்டிலேயே பெரிய புத்திசாலி அவர்தான், கேட்டுக்கொள்ளுங்கள். பொழுது சாயும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.